வாடிய பூக்களைப் படமெடுப்பது: பூவைத் தேர்வதிலிருந்து பிரின்ட் போடுவது வரை

வாடிய பூவில் நிறம் பாதி போயிருக்கும், வடிவம் குலைந்திருக்கும். மிஞ்சுவது நரம்பும் மடிப்பும் ஓரச் சுருக்கமும், வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்துபோன இதழும்தான். இவற்றைக் காட்டினால் அது படம், காட்டாவிட்டால் வெறும் பழுப்புத் திட்டு. எந்தப் பூவை, வாடலின் எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே கேமராவுக்கு முன்னால் பூ வருகிறது.

உலர்வது வேறு, அழுகுவது வேறு

முதல் தடவை எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இதழில் உள்ள நீர் காற்றில் போய்விட்டால் பூ உலர்கிறது. நரம்புகள் புடைக்கும், ஓரங்கள் சுருளும், இதழ் தாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். நீர் போக வழியில்லாமல் பூஞ்சையும் பாக்டீரியாவும் முந்திக்கொண்டால் பூ அழுகுகிறது. இதழ் வழவழப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த வெளிச்சம் போட்டாலும் அதில் மடிப்பு தெரியாது.

அல்லி, சம்பங்கி, அரளி போன்றவை இதழில் நீர் அதிகமுள்ளவை. மூடிய பையில் ஓரிரவு வைத்தாலே கெட்டுவிடும். ரோஜா, செவ்வந்தி, சூரியகாந்தி, காகிதப்பூ ஆகியவை நன்றாக உலரும். வாடாமல்லியை வாடிய பூவாகக் காட்ட முயல வேண்டாம். அதில் நிறம் தருவது பூவடிச் செதில்கள். அவை செடியிலேயே தாள்போலக் காய்ந்துதான் இருக்கின்றன. எத்தனை நாள் காத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கணக்கு

செம்பருத்திக்குக் கிடைப்பது ஒரே நாள். நாட்டு ரகங்கள் காலையில் மலர்ந்து மாலையில் சுருளத் தொடங்கி, மறுநாள் மடக்கிய குடையாகத் தொங்கும். எடுக்க வேண்டிய நேரம் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். இதழ்கள் பாதி முறுக்கியிருக்கும், நடுத்தண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஐந்து சூல்முடிகளும் தனித்தனியாகத் தெரியும். ஃபோகஸ் அங்கே விழட்டும். முழுக்கச் சுருண்ட பிறகு எடுத்தால் அது செம்பருத்தி என்று சொல்லித்தான் தெரியவைக்க வேண்டும்.

பூவரசை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. காலையில் எலுமிச்சை மஞ்சளாக, உள்ளே அடர்சிவப்புத் திட்டோடு மலரும். வாட வாடச் செம்மை ஏறி, உதிரும் நேரத்தில் ஊதா கலந்த சிவப்பாகிவிடும். அன்றைய மஞ்சளும் முந்தைய நாளின் சிவப்பும் ஒரே கிளையில் இருக்கும் என்பதால், ஒரே சட்டகத்தில் இரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. அதிகாலை வெளிச்சம் இதற்குப் பொருத்தம். இரங்கூன் மல்லியும் வெள்ளையில் தொடங்கி இளஞ்சிவப்பாகி அடர்சிவப்பாகும், ஆனால் அது வயது ஏறுவதன் நிறம். அந்தப் பூங்கொத்தில் உண்மையாகவே வாடியதைத் தேட வேண்டும் என்றால் அடிப்பக்கம் பாருங்கள்.

சிவப்பு ரோஜா பழசாகும்போது ஊதாவாகத் திரும்பும். இதழின் செல்களுக்குள் அமிலத்தன்மை குறைவதால், சிவப்பு தரும் ஆந்தோசயனின் நிறமி நீலச் சாயல் காட்டுகிறது. வெளி இதழ்களின் ஓரம் காய்ந்து கறுத்து, உள்ளிதழ்களில் இந்த ஊதா தெரியும் கட்டம்தான் ரோஜாவில் மிகச் சிறந்தது. ஜாடியில் வைத்த கடை ரோஜாவில் அது ஏறக்குறைய 5 முதல் 7 நாளில் வரும். பன்னீர் ரோஜா இதற்கு ஒத்துவராது, அதற்குள் இதழைக் கொட்டிவிடும்.

மல்லிகைக்கு ஒரு நாள் அவகாசம்தான். மொட்டு விரிந்த மறுநாளே ஓரம் பழுக்கும். நறுக்கிய கத்தரிக்காயைக் கறுக்கவைக்கும் அதே வினை, இதழிலுள்ள ஃபீனால் பொருட்கள் காற்றோடு சேர்வதால் நடக்கிறது. விரல் பட்டு நசுங்கிய இடம் முதலில் பழுக்கும் என்பதால், சரத்தைக் கையாளும்போதே படத்தின் கறைகள் தீர்மானமாகிவிடுகின்றன. இடுக்கியால் நாரைப் பிடித்துத் தூக்குங்கள், பூவைத் தொடாதீர்கள்.

நிஷாகந்தி இரவில் விரிந்து விடிவதற்குள் துவண்டுவிடும். காலை 6 மணிக்கு வளைந்த காம்பின் முனையில் தலை தொங்கி நிற்கும் காட்சி, நள்ளிரவில் எல்லோரும் எடுக்கும் மலர்ந்த படத்தைவிட நன்றாக அமையும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். தாமரையில் இதழ்களைத் துரத்துவதைவிட, அவை உதிர்ந்தபின் நிற்கும் பொகுட்டைப் பிடிப்பது மேல். பச்சையாக நிமிர்ந்திருந்தது பழுத்துக் கவிழும்வரை, விதைக்குழிகள் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு நிழல் காட்டும்.

வாடலை விரைவாக்குவது, நிறுத்துவது

பூ முதிர்வதைத் தூண்டுவது எத்திலீன் வாயு. கார்னேஷன், ஆர்க்கிட் போன்றவை அதற்கு மிகவும் இளகியவை. நன்கு பழுத்த இரண்டு வாழைப்பழங்களோடு பூவை ஒரு பெட்டியில் மூடி வைத்தால் வாடல் முன்கூட்டியே வந்துவிடும். கார்னேஷனில் இதழ்கள் உள்நோக்கிச் சுருள்வதைக் காணலாம். இதே காரணத்தால், பூவை நாளைக்கு வைத்திருக்க ஃபிரிட்ஜில் வைத்தால் பழங்கள் உள்ள தட்டில் வைக்கக்கூடாது.

காம்பு வளைந்து தலை சாய வேண்டுமானால், தண்ணீரில்லாத ஜாடியில் நிமிர்த்தி வையுங்கள். பூத்தலைக்குக் கீழேயுள்ள இளங்காம்பு பாரம் தாங்காமல் மடியும். தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் காம்பு நேராகக் காயும். அலங்காரத்துக்கு நல்லது, படத்துக்குச் சப்பென்றிருக்கும்.

சிலிக்கா ஜெல்லைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. புதுப்பூவை அதில் புதைத்தால் வாடிய பூ கிடைக்காது, நிறமும் வடிவமும் கெடாத காய்ந்த பூதான் கிடைக்கும். பயன்படுத்த வேண்டிய முறை வேறு. பூ வேண்டிய அளவு துவளட்டும். அந்தக் கட்டம் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் 2 செ.மீ ஜெல் பரப்பி, பூவை வைத்து, சுற்றிலும் கரண்டியால் மெல்லச் சொரிந்து மூடிவிடுங்கள். ரோஜாவுக்கு 5 முதல் 7 நாள், மெல்லிய இதழ்ப் பூக்களுக்கு 2 அல்லது 3 நாள். அதற்குமேல் போனால் தொட்டாலே நொறுங்கும். பெரிய கல்லாக இருக்கும் ஜெல் இதழில் குழி போடும் என்பதால் மணல் போன்ற நுண்ணிய வகையை வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் தொங்கவிட்டு உலர்த்துவது சூதாட்டம். இரண்டாம் நாளே காம்படியில் சாம்பல் நிறப் பூஞ்சை ஏறும். அந்த மாதங்களில் டப்பா வழிதான்.

கண்ணாடித் தோற்றம் வேண்டுவோருக்கு இன்னொரு வழி: பூவை ஃப்ரீசரில் ஓரிரவு வைத்து வெளியே எடுங்கள். உறைந்த பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போது இதழ் ஒளி ஊடுருவும்படி மாறும். ஆனால் அந்தத் தோற்றம் சில நிமிடங்களே நிற்கும், அதன்பின் பூ கூழாகத் தொய்ந்துவிடும். விளக்கு, கேமரா, ஃபோகஸ் எல்லாவற்றையும் வேறொரு பூவை வைத்துச் சரிசெய்த பிறகே ஃப்ரீசரைத் திறக்க வேண்டும்.

மேசையைத் தயார் செய்தல்

தேவையானவை: நேர் வெயில் விழாத ஜன்னல், மேசை, கறுப்பு வெல்வெட் துணி ஒரு மீட்டர், வெள்ளைத் தெர்மாகோல் பலகை இரண்டு, ட்ரேசிங் பேப்பர், இறுகப் பிடிக்கும் கிளிப் இரண்டு, பூக்கடைக் கம்பி, சிறிய ஓவியத் தூரிகை, காற்று ஊதும் பந்து.

பின்னணிக்குக் கறுப்பு சார்ட் பேப்பரைவிட வெல்வெட் நல்லது. சார்ட் பேப்பர் பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளத்துச் சாம்பலாகிவிடும். துணியைப் பூவுக்கு 50 செ.மீ பின்னால் தொங்கவிடுங்கள். பூவில் விழும் வெளிச்சம் அதுவரை போய்ச் சேரக்கூடாது.

காய்ந்த காம்பைக் கிளிப்பில் நேரடியாகப் பிடித்தால் ஒடியும். காம்போடு ஒரு துண்டுப் பூக்கடைக் கம்பியை நூலால் கட்டி, கம்பியைக் கிளிப்பில் பிடியுங்கள். அப்போது பூவைச் சுழற்றிக் கோணம் பார்க்கவும் வசதி. பூவைச் சுற்றிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு முன்பக்கத்தை எடுக்க வேண்டாம். வாடிய பூக்களில் பின்பக்கமும் புல்லி வட்டமும்தான் பல நேரம் அழகு.

தூசியைப் பந்தால் ஊதி, ஒட்டியதை மட்டும் காய்ந்த தூரிகை நுனியால் எடுங்கள். ஈரத்தூரிகை பட்டால் காய்ந்த இதழ் நீரை உறிஞ்சி மடங்கிவிடும். இதே காரணத்தால் வாடிய பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் வேண்டாம். புதுப்பூவில் பனித்துளியாகத் தெரிவது இங்கே ஒட்டவைத்த பொய்யாகத் தெரியும், அடுத்த கால்மணி நேரத்தில் பூவும் தொய்ந்துவிடும்.

மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் நிறுத்துங்கள்.

வெளிச்சம்

மடிப்புகளைக் காட்டுவது நிழல்தான். நேர் எதிரிலிருந்து வரும் வெளிச்சம் (கேமராவின் ஃபிளாஷ் உட்பட) நிழலைத் துடைத்துவிடுகிறது. ஜன்னல் பூவின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். இதழின் பரப்பை வெளிச்சம் 20 முதல் 30 டிகிரி கோணத்தில் உரசிச் செல்லும்போது ஒவ்வொரு நரம்பும் தனி நிழலோடு எழுந்து நிற்கும். ஜன்னலுக்கும் பூவுக்கும் இடையே 60 செ.மீ இருந்தால் போதும்.

இதழ் மெல்லியதாக இருந்தால் பின்வெளிச்சம். எல்.இ.டி விளக்கு ஒன்றை ட்ரேசிங் பேப்பருக்குப் பின்னால் வைத்து, பூவின் பின்புறம் மேலிருந்து விடுங்கள். ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ இதில் உயிர் பெறும். செவ்வந்தி, சூரியகாந்தி அடர்த்தியான தலைகள், பின்வெளிச்சத்தில் கரிய உருவமாகிவிடும். விளக்கு வாங்கும்போது சி.ஆர்.ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன்) மதிப்பு 95க்குக் குறையாமல் பாருங்கள். மலிவு விளக்கில் சிவப்பு குறைவாக இருக்கும், பழுப்பெல்லாம் பாசிப் பச்சையாக வரும். ஹாலஜன் விளக்கு வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் இதழ் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நகரும்.

நிழல் பக்கத்தில் தெர்மாகோலைப் பூவிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொடங்கி, மெல்லப் பின்னே நகர்த்துங்கள். நிழலில் விவரம் தெரிய வேண்டும், நிழலே இல்லாமல் போகக்கூடாது. கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் இடத்திலிருந்து இன்னும் நான்கு விரற்கடை தள்ளி வைப்பது எங்கள் வழக்கம். கேமரா கண்ணைவிடக் கடுமையாகவே பதிவு செய்கிறது என்றாலும், இந்தப் பூக்களுக்குக் கொஞ்சம் கடுமை அழகு.

வெள்ளைப் பின்னணியையும் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென், 1967 முதல் 1973 வரை வோக் இதழின் கிறிஸ்துமஸ் வெளியீடுகளுக்காக ஆண்டுக்கு ஒரு வகைப் பூவாக எடுத்த படங்களில், வாடத் தொடங்கிய பூக்களை வெறும் வெள்ளையில் நிறுத்தினார். கறை, கிழிசல், ஓரக் கருகல் எல்லாம் வெள்ளையில் ஒளிய இடமில்லை. கறுப்பு மன்னிக்கும், வெள்ளை மன்னிக்காது. பூவின் வெளிக்கோடு நன்றாக இருந்தால் மட்டும் வெள்ளைக்குப் போங்கள்.

கேமரா அமைப்பு

முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்கு 90 முதல் 105 மி.மீ மேக்ரோ லென்ஸ், சிறிய சென்சாருக்கு 60 மி.மீ. இல்லாதவர்கள் 50 மி.மீ லென்ஸுடன் 12 அல்லது 20 மி.மீ எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் வளையம்) போட்டால் போதும்.

ட்ரைபாடில் பூட்டி, லென்ஸின் நடுக்க எதிர்ப்பை அணையுங்கள். மேனுவல் முறை, ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, 2 வினாடி டைமர், ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பு. ஷட்டர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் பூ அசையாதவரை கவலையில்லை. கேமராவின் அளவீட்டை நம்பினால், கறுப்புப் பின்னணியில் பூ வெளிறிப்போகும். அளவீடு காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தில் பாதி) குறையுங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுவதுதான் நிறம் கெடுவதற்கு முதல் காரணம். சட்டகம் முழுக்கப் பழுப்பும் மஞ்சளுமாக இருந்தால், வெளிச்சமே மஞ்சள் என்று கேமரா நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். பூ சாம்பலாகிவிடும். பகல் வெளிச்சத்துக்கு 5,500 கெல்வினில் நிறுத்தி, முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பூவின் பக்கத்தில் பிடித்து எடுத்து வையுங்கள்.

அபர்ச்சரை எஃப் 22 வரை மூடினால் முழுப்பூவும் தெளிவாகும் என்று தோன்றும். அவ்வளவு நெருக்கத்தில், சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் மழுங்கும் டிஃப்ராக்‌ஷன் முந்திக்கொள்ளும். உயிரளவுப் பெருக்கத்தில் (சென்சாரில் விழும் பிம்பம் பூவின் அளவிலேயே இருக்கும் நிலை) எஃப் 16 என்று காட்டுவது நடைமுறையில் எஃப் 32க்குச் சமம், நரம்பெல்லாம் மழுங்கிவிடும். எஃப் 8, அதிகம் போனால் எஃப் 11. மீதியை ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாக இணைப்பது) பார்த்துக்கொள்ளும்.

அதன் கணக்கு இப்படி: முழுச் சட்ட கேமராவில், அரை உயிரளவுப் பெருக்கத்தில், எஃப் 8இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 மி.மீ. உயிரளவிலோ 1 மி.மீதான். ரோஜாவின் முன்னிதழிலிருந்து பின்னிதழ் வரை 4 செ.மீ என்றால், ஒன்றன்மேல் ஒன்று படிய 2 மி.மீ படியாக நகர்த்த, 20 படங்கள் தேவை. முன்முனையில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். எண்ணிக்கை குறைந்தால் நடுவில் மங்கலான பட்டைகள் வரும். நடுவில் பூ அசைந்தால் ஓரங்களில் இரட்டைக் கோடு வரும். பின்னதைச் சரிசெய்ய வழியில்லை, முழுத் தொகுப்பையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எல்லாப் பூவுக்கும் ஸ்டாக்கிங் தேவை என்று நினைக்க வேண்டாம். துவண்ட செம்பருத்தியில் சூல்முடி மட்டும் தெளிவாக, இதழ்கள் கரைந்து போவது போதும்.

கைபேசியில் எடுப்பவர்கள் மேக்ரோ முறையை விட்டு 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். மேக்ரோ முறையில் 2, 3 செ.மீ வரை நெருங்க வேண்டியிருக்கும், கைபேசியின் நிழலே பூவில் விழும். திரையில் பூவை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள்.

வெளியே எடுக்கும்போது

பூச்சந்தையில் காலைக் கூட்டம் கலைந்தபின் போனால் விற்காத பூ குவிந்து கிடக்கும். மதுரை மாட்டுத்தாவணி, கோயம்பேடு, குமரி மாவட்டத்துத் தோவாளை எதுவானாலும் சரி, குவியலை மேலிருந்து எடுக்காமல் தரையோடு கேமராவை வைத்துப் பாருங்கள். ஆயுத பூஜை கழிந்த வாரத்தில் ஆட்டோ, லாரி முகப்புகளில் செவ்வந்தி மாலைகள் காய்ந்து தொங்கும். வெயிலும் புழுதியும் என்ஜின் சூடும் சேர்ந்து தரும் பழுப்பு வீட்டில் உலர்த்தினால் வராது. கோயிலில் கழித்த மாலைகளை எடுக்க விரும்பினால் முதலில் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலில் ஒதுக்கியோ தாண்டியோ நின்று எடுக்க வேண்டாம்.

வெளியே ஸ்டாக்கிங் நடக்காது. ஷட்டர் 1/250க்குக் கீழே போகாமல், ஐ.எஸ்.ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். சந்தைக் கொட்டகையின் விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் 1/100க்கு இறக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் மறைந்துவிடும்.

கணினியில்

சாம்பல் அட்டைப் படத்தில் ஒயிட் பேலன்ஸை எடுத்து எல்லாப் படங்களுக்கும் கொடுத்துவிடுங்கள். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) தொட வேண்டாம். கூட்டினால் பழுப்பு துருவேறிய ஆரஞ்சாகிவிடும். பழுப்பு என்பது இருண்ட ஆரஞ்சுதான் என்பதால், ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை மட்டும் 10, 15 ஏற்றினால் இதழின் மெல்லிய தன்மை திரும்ப வரும். டெக்ஸ்சர் 15, 20 போதும். அதற்குமேல் இதழ் தோல்செருப்பாகிவிடும். வெல்வெட்டில் தெரியும் நூல்துகள்களைக் கறுப்பு ஸ்லைடரை இறக்கி மறையுங்கள், ஆனால் இதழின் நிழல்பக்க ஓரம் கறுப்புக்குள் கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

மல்லிகை கறுப்பு வெள்ளையில் நன்றாக வரும். மஞ்சளையும் ஆரஞ்சையும் இருட்டாக்கினால் பழுத்த கறைகள் எழுந்து தெரியும், பிரகாசமாக்கினால் மறைந்து பூ புதிதாகிவிடும். இங்கே நமக்கு முதல் வகைதான் வேண்டும்.

பிரின்டுக்குப் பளபளப்பில்லாத பருத்தித் தாளைக் கேளுங்கள். பளபளப்புத் தாளில் அடர்கறுப்பு நன்றாக வந்தாலும், இதழின் தாள்தன்மை போய்விடும். மேட் தாளில் கறுப்பு சற்று ஏறித் தெரியும் என்பதால், அனுப்பும் கோப்பில் நிழல்களைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

கேமரா இல்லாமலும் ஒரு வழி

பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனர் இருந்தால் வாடிய பூவுக்கு அது அருமையான கருவி. மெலிந்த கச்சிதமான சி.ஐ.எஸ் வகையில் கண்ணாடியைத் தொட்டிருக்கும் பகுதி மட்டுமே தெளியும்; தடிமனான பழைய சி.சி.டி வகை ஒரு விரற்கடை உயரம்வரை தெளிவு தரும். கண்ணாடியில் பூவைக் கவிழ்த்து வைத்து, மூடியைத் திறந்தபடி, அறையை முழு இருட்டாக்கி 1,200 டி.பி.ஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வெளிச்சம் எட்டாத பின்புறம் தானாகவே கறுப்பாகிவிடும். பூவின் பாரத்தால் இதழ் நசுங்காமலிருக்க, கண்ணாடியின் இரு பக்கமும் புத்தகம் அடுக்கி, ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துக் காம்பை அதில் கட்டித் தொங்கவிடலாம். உதிரும் மகரந்தத்தை ஈரத்துணியால் துடைத்தால் மஞ்சளாக இழுவும். முதலில் பந்தால் ஊதி, மீந்ததை செலோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, கடைசியில் மைக்ரோஃபைபர் துணி போடுங்கள்.